ஓடிப்போவது தற்காப்பு ஆகாது

“ஆள் மேல வண்டி ஏறிடுச்சுன்னா நிக்காதே. நின்னா அங்கேயே அடிச்சுக் கொன்னுடுவானுங்க. வண்டியை எங்கயாவது ஓரங்கட்டிட்டு ஓனருக்குப் போன் பண்ணு.” லாரி ஓட்டப் பழகும் கிளீனர் பையனுக்கு மூத்த டிரைவர் சொல்லித் தரும் பாடம் இது. கார் வைத்திருக்கும் வீடுகளில் இதையே மெருகேற்றிச் சொல்கிறார்கள்: முதலில் அங்கிருந்து கிளம்பு, தெரிந்த வக்கீலிடம் பேசு, ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போகலாம். படித்தவர், படிக்காதவர், முதலாளி, தொழிலாளி என்ற பேதமில்லாமல் இந்த நாட்டில் எல்லோரும் ஒத்துப்போகும் கருத்துகள் சிலவே. அவற்றில் இதுவும் ஒன்று. மோதிவிட்டு ஓடியவனை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. நின்று மாட்டிக்கொண்டவனைத்தான் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறானது. அதன் தரப்பு நியாயத்தை முதலில் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் சேர்கிறது. யார்மேல் தவறு என்று அது விசாரிப்பதில்லை. பைக்கில் வந்தவர் எதிர்த்திசையில் ஏறி வந்திருந்தாலும் அடி விழுவது லாரிக்காரருக்கே. அந்த அடியில் செத்துப்போன ஓட்டுநர்களும் உண்டு. அதில் பிழைத்தால் அடுத்தது போலீஸ். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயும், ஓனர் ஜாமீனுக்கு வருவார் என்பது நிச்சயமில்லை, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து சாலையிலேயே கிடக்கும் ஒரு தொழிலாளி, வேண்டுமென்று செய்யாத ஒன்றுக்காக இத்தனையையும் ஏன் தாங்க வேண்டும்? ஆகவே ஓடுவது உயிர் காக்கும் வழி, அதைத் தண்டிப்பது கொடுமை. வாதம் இதுதான்.

இந்த வாதம் 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாட்டையே நிறுத்திக் காட்டியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, கவனமின்றி ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமாகி, உடனே போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தெரிவிக்காமல் தப்பிப்போகிறவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. வட மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ஜனவரி 2 இரவு, அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரசைக் கலந்து பேசிய பிறகே அந்தப் பிரிவை அமல்படுத்துவோம் என்று மத்திய உள்துறைச் செயலர் அறிவித்தார். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

அரசு பணிந்துவிட்டது என்பதால் வாதம் வென்றதாகிவிடாது. ஓடுகிறவர் ஆபத்தை ஒழிப்பதில்லை. தன் தலைக்கு வந்த ஆபத்தை எடுத்து, எழுந்து நிற்கவும் முடியாமல் கிடக்கும் ஒருவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். இந்த ஒன்றை மறைத்தால்தான் மேலே சொன்ன நியாயங்கள் எல்லாம் நியாயங்களாகத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. கூட்டம் அடிக்கும் என்பது சட்டத்துக்குத் தெரியாதா?

தெரியும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவு. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க நியாயமான எல்லா முயற்சிகளையும் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்று சொல்லும் அதே வரியில், கூட்டத்தின் ஆத்திரமோ தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணமோ தடுத்தாலொழிய என்று விலக்கும் தந்திருக்கிறது. சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்ல வேண்டும். உதவி செய்ய முடியாமல் போனதென்றால் ஏன் முடியவில்லை என்பதையும் அங்கே சொல்லலாம். நம் சாலைகளின் குணம் அறிந்து எழுதப்பட்ட சட்டம் இது. உன்னை அடித்துக்கொல்ல வருகிற கூட்டத்தின் நடுவில் நின்று தியாகியாகு என்று அது யாரையும் கேட்கவில்லை.

ஆகவே கூட்டத்தின் மீதான பயம் ஓரிடத்தைவிட்டு நகர்வதற்கான காரணம். அடுத்த டோல்கேட் வரை, அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அடுத்த காவல் நிலையம் வரை போவதற்கு அது போதும். அதற்கு மேல் ஊர் தாண்டி, மாவட்டம் தாண்டி, செல்போனை அணைத்துவிட்டு மறைவதற்கு அந்தப் பயம் உதவாது. 108க்கு ஓர் அழைப்பு விடுக்க வண்டியிலிருந்து இறங்கவும் வேண்டாம். அந்த அழைப்பைக்கூடச் செய்யாதவர் கூட்டத்துக்குப் பயந்தேன் என்றால், போனுக்குள் எந்தக் கூட்டம் இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு, நாலுவழிச் சாலையில், இரண்டு பக்கமும் பொட்டல்வெளி. அங்கே ஏது கூட்டம்? கூட்டமே இல்லாத இடத்திலும் வண்டிகள் நிற்பதில்லை. அங்கே ஓட வைப்பது, பார்க்க யாருமில்லை என்ற தைரியம். பயத்தின் பெயரால் அந்தத் தைரியத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறார்கள்.

ஓட்டம் கூட்டத்தை மேலும் மூர்க்கமாக்கவும் செய்கிறது. இவன் போனால் திரும்பி வரமாட்டான், வழக்கும் நிற்காது என்று அனுபவத்தில் கண்ட ஊர், கையில் சிக்கியவனை அங்கேயே தண்டிக்கப் பார்க்கிறது. கூட்டம் செய்வது குற்றம்தான். அடித்தவர்கள்மீது வழக்குப் போட வேண்டும். ஆனால் ஓடிப்போன ஒவ்வொருவரும், அடுத்து நிற்கப்போகிற ஓட்டுநருக்கு விழும் அடியைக் கூட்டிவிட்டே போகிறார்.

2. “பதற்றத்தில் செய்தது, திட்டமிட்டதா என்ன?”

பதற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? மோதிய கணத்தில் கை நடுங்கும், கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும், அரைக் கிலோமீட்டர் போன பிறகே என்ன நடந்தது என்று புரியும். இதையெல்லாம் ஒப்புக்கொள்வோம். அந்த அரைக் கிலோமீட்டருக்கு யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் அதன் பிறகு நடப்பவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். உடைந்த ஹெட்லைட்டை மாற்ற ஆள் தேடுவது, பெயின்ட் அடிக்கப் பட்டறைக்கு விடுவது, டேஷ்கேம் கார்டைக் கழற்றுவது, வண்டியை உறவினர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடுவது. பதற்றத்தில் இருப்பவர் இத்தனை நிதானமாகக் காரியம் பார்க்க மாட்டார்.

1999 ஜனவரி 10 விடியற்காலை, டெல்லி லோதி சாலையில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் போலீஸ்காரர்கள் உட்பட ஆறு பேரின் சாவுக்குக் காரணமானது. அந்தக் கார் நேராக ஒரு பங்களாவுக்குப் போனது. போலீஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விழுந்துகிடந்தவர்களுக்கு உதவாமல் போனதைக் கண்டித்தது. கவனக்குறைவு என்ற சிறிய குற்றமாகச் சுருங்கியிருந்ததை, கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற பெரிய குற்றமாகத் திருத்தியது. 2023ஆம் ஆண்டு பிறந்த முதல் இரவில் அதே டெல்லியின் கஞ்சாவாலா பகுதியில், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் காரின் அடியில் சிக்கிப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் இழுத்துச் செல்லப்பட்டார். பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பதற்றம் என்று பெயர் வைக்க முடியுமா?

மோதல் ஒரு செயல், ஓட்டம் இன்னொரு செயல். முதலாவது கண நேரத்தில் கைமீறி நடந்திருக்கலாம். இரண்டாவது, யோசிக்க நேரமிருந்தபோது எடுத்த முடிவு. முதலாவதைத் தவறு என்று மன்னிக்கிறவர்கள், இரண்டாவதையும் அதன் வாலாக ஒட்டி மன்னித்துவிடுகிறார்கள். இந்த ஒட்டுவேலையில்தான் மொத்த வாதமும் நிற்கிறது.

3. “நின்று நான் என்ன செய்துவிடப் போகிறேன், டாக்டரா?”

டாக்டராக இருக்க வேண்டாம். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவர் சில நிமிடங்களில் சாகலாம். ஒரு துண்டை மடித்து அழுத்திப் பிடிக்க எம்.பி.பி.எஸ். தேவையில்லை. மயங்கி மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு மூச்சுக்குழலை அடைக்கும், வாயில் வழியும் ரத்தமும் அடைக்கும். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இருட்டில் சாலை நடுவே கிடப்பவர்மேல் பின்னால் வருகிற வண்டியும் ஏறும். நாலு விளக்கும் மினுக்க வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் அந்த இரண்டாவது மோதல் தவிர்க்கப்படும். இதைச் செய்யக்கூடிய இடத்தில், செய்யக்கூடிய நேரத்தில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே.

காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தைத் தங்க நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டமே 2019 திருத்தத்தில் எழுதிவைத்தது. தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2025 முதல் ஒன்றிய அரசின் திட்டம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. காயமடைந்தவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்க்கும் வழிப்போக்கருக்கு 25,000 ரூபாய் பரிசு. உதவியவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு தந்துவிட்டது. எந்தச் சம்பந்தமும் இல்லாதவரை ஓடிவந்து தூக்கச் சொல்லிப் பரிசு கொடுக்கும் நாடு, மோதியவரை மட்டும் ஓடிப்போ என்று தட்டிக்கொடுக்கிறது. இந்த ஏற்பாடுகள் அனைத்தும், யாராவது ஒருவர் உடனே தகவல் சொன்னால்தான் இயங்கத் தொடங்கும்.

கணக்கையும் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். இவற்றில் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். சராசரியாக 17 நிமிடத்துக்கு ஒருவர். மற்ற விபத்துகளில் நூற்றுக்கு 35 சாவு என்றால், ஓடிப்போன விபத்துகளில் நூற்றுக்கு 45. ஓடியதால் மட்டுமே இந்த வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். இரவு, ஆளில்லாச் சாலை, நடந்துபோகிறவர்கள் என்று வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கும். ஆனால் இரவும் ஆளில்லாச் சாலையும் ஓட்டுநருக்குச் சாதகமான சாட்சிகள் ஆகா. வேறு யாரும் வரமாட்டார்கள், இருக்கிற ஒரே ஆள் நீதான் என்பதற்கே அவை சாட்சி.

4. “ஓடினாலும் பிறகு சரணடைகிறோமே?”

எவ்வளவு நேரம் கழித்து, எந்த நிலையில், யார் சரணடைகிறார்கள்? மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும்.

ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் மதுவே இங்கே சட்ட எல்லை. உடல் ஏறத்தாழ மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் அதைக் கழிக்கிறது. 90 மில்லிகிராமோடு ஓட்டிவந்து மோதியவர், நாலைந்து மணி நேரம் எங்காவது படுத்துவிட்டு வந்தால் பரிசோதனையில் யோக்கியர். குடித்துவிட்டு ஒருவரைக் கொன்றவர் நின்றால், கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்று பத்தாண்டு வரை போகக்கூடிய வழக்கு வரலாம். ஓடினால் மது என்ற பேச்சே இல்லாமல் கவனக்குறைவு மட்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதற்கு அதிகபட்சம் இரண்டே ஆண்டு. ஓடியதற்கென்று தனியாக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 187ஆம் பிரிவில், 2019க்கு முன் மூன்று மாதமோ 500 ரூபாய் அபராதமோ. இப்போதும் ஆறு மாதமோ 5,000 ரூபாயோ. குடிகாரருக்கு ஓட்டமே லாபம் என்று சட்டமே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அடுத்தது ஆள்மாறாட்டம். ஓட்டியவர் முதலாளியின் மகன், சரணடைகிறவர் சம்பளக்கார டிரைவர். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருப்பான், காலையில் லைசென்சோடு சித்தப்பா வந்து நிற்பார். சம்பவ இடத்தில் நின்றிருந்தால் இந்த நாடகத்துக்கு மேடையே கிடைக்காது. பிறகு சரணடைவோம் என்பதை ஒழுக்கமாகக் காட்டுகிறவர்கள், அந்தப் பிறகு என்ற இடைவெளியில் நடப்பதைச் சொல்வதில்லை.

5. “தவறே செய்யாவிட்டாலும் பழி பெரிய வண்டிமேல்தானே?”

அப்படியானால் நிற்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எது? டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கியது, கண்ணாடித் தூள் எந்தப் பக்கம் சிதறியது, இரண்டு வண்டிகளும் எந்த நிலையில் நின்றன, விளக்கு எரிந்ததா, எதிரே வந்தவர் எந்தத் தடத்தில் வந்தார் என்பதெல்லாம் குற்றமற்ற ஓட்டுநருக்குத் தரையில் எழுதப்பட்ட சாட்சியம். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அதில் பாதியைத் தன் கையாலேயே அழிக்கிறார். மீதியை ஒரு தரப்பு மட்டும் விளக்கும்படி விட்டுவிடுகிறார். நிரபராதி ஓடினால் அந்த நிமிடமே குற்றவாளியின் உடையை மாட்டிக்கொள்கிறார். கோர்ட்டில் கேட்கப்படும் முதல் கேள்வியே, தவறில்லையென்றால் ஏன் ஓடினாய் என்பதாகத்தான் இருக்கும்.

சட்டம் படித்தவர்கள் இதிலேயே வேறொரு வாதம் வைப்பார்கள். யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. நின்று தகவல் சொல் என்பது அதற்கு விரோதமாகாதா? ஆகாது. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு அந்த உரிமையின் எல்லையை வகுத்தது. விபத்துக்குப் பின் நின்று பெயரும் முகவரியும் தரச் சொல்லும் கலிபோர்னியா சட்டத்தை, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே கேள்வியை எதிர்கொண்டு செல்லும் என்றது. நான் இங்கே இருந்தேன் என்று சொல்வது வேறு, நான் குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொள்வது வேறு. மௌனமாக இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மறைந்துபோகும் உரிமை யாருக்கும் இல்லை.

6. “போன உயிர் போய்விட்டது, இன்னொரு குடும்பமும் அழிய வேண்டுமா?”

இதைக் கருணை என்று நினைத்துப் பேசுகிறார்கள். யாருடைய குடும்பம் எவ்வளவு அழிகிறது என்பதை ரூபாயில் பார்த்துவிடலாம்.

முப்பது வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். மோதிய வண்டி எதுவென்று தெரிந்தால் வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்துத் தந்த சூத்திரப்படி ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவர் தனக்குச் செலவிட்டிருக்கக்கூடிய கால் பங்கு போக 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை தனி. இதைக் கொடுக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்ததே இதற்குத்தான். முறையான லைசென்சும் நடப்புக் காப்பீடும் இருந்தால் ஓட்டுநர் தன் பையிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுமில்லை.

வண்டி எதுவென்று தெரியாவிட்டால்? அதே குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். கைகால் முறிந்து பிழைத்தவருக்கு 50,000. இதுவும் 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்ட தொகை. அதற்கு முன் சாவுக்கு 25,000, படுகாயத்துக்கு 12,500.

32 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் இடையில் உள்ள 30 லட்சம் எங்கே போனது? ஓடிய ஓட்டுநரிடம் போகவில்லை, ஓனரிடமும் போகவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கிறது. தனக்கு ஒரு பைசா லாபமில்லாமல், ஒரு விதவைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய 30 லட்சத்தைக் கொண்டுபோய்க் கம்பெனியில் சேர்த்துவிட்டு, நான் என் உயிரைக் காத்துக்கொண்டேன் என்கிறார். இரண்டாவது குடும்பம் அழியக்கூடாது என்ற கருணையில், முதல் குடும்பம் இரண்டு முறை அழிகிறது.

ஓனர்கள் ஏன் ஓடச் சொல்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் தெரியும். எஃப்.சி. இல்லை, காப்பீடு புதுப்பிக்கவில்லை, கனரக லைசென்ஸ் இல்லாதவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தது என்று ஏதாவது இருந்தால், நிறுவனம் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்க வரும். அல்லது முழுச் சுமையும் நேராக ஓனர்மேல் விழும். டிரைவரின் உயிர்மேல் வைத்த அக்கறை என்று சொல்லப்படுவதில் எத்தனை பங்கு இந்த வசூலுக்குப் பயந்தது என்று டிரைவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

7. “ஏழை டிரைவருக்குப் பத்தாண்டா?”

இந்த ஒரு இடத்தில் எதிர்த் தரப்பிடம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கிற உண்மை அதுவல்ல. பத்தாண்டும் 7 லட்சம் அபராதமும் என்று வேலைநிறுத்தத்தின்போது பரவிய தொகை அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அதில் உள்ளது அபராதம் என்ற சொல் மட்டுமே. நின்று தகவல் சொல்கிறவருக்கு 106(2) பொருந்தவே பொருந்தாது. கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் 106(1) மட்டும். பத்தாண்டு என்பது மோதியதற்கு விதிக்கப்பட்ட விலை என்று சொல்வது தவறான பிரசாரம்.

அந்தப் பிரிவின் மெய்யான குறைகள் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 24 மணி நேரம் தருகிறது, இதுவோ சம்பவம் நடந்தவுடன் என்கிறது. எது சரி என்று ஓட்டுநர் எப்படி அறிவார்? கூட்டத்தின் ஆத்திரம் என்ற விலக்கு இதில் எழுதப்படவில்லை. அடிபட்டவர் இறந்தால் மட்டுமே இது பாயும், கோமாவில் கிடந்தால் பாயாது. அதாவது ஓடியவருக்குப் பத்தாண்டா ஆறு மாதமா என்பதை மருத்துவமனையின் திறமை தீர்மானிக்கும். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இது: போலீசுக்குச் சொன்னால் போதும், அடிபட்டவரைத் தூக்க வேண்டும் என்ற சொல் இந்தப் பிரிவில் இல்லை.

இவை திருத்தக் கேட்க வேண்டிய குறைகள். திருத்தக் கேட்காமல், அந்தப் பிரிவே வேண்டாம் என்று லாரிகளை நிறுத்தினார்கள். தொழிலாளியின் பெயரால் கேட்டதாகச் சொன்னார்கள். 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்துபோனவர்கள். விடியலில் பூக்கூடையோடு சாலையைக் கடக்கிறவர், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர், நெடுஞ்சாலையோரம் பஞ்சர் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு லாரி டிரைவர். இவர்களும் தொழிலாளிகளே. ஏழைக்கு இரக்கம் என்றால், ஸ்டியரிங் பிடித்த ஏழையோடு நின்றுவிடாமல் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிற ஏழைவரை அது போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமில்லை. நிறுத்திவைத்த பிரிவைத் திருத்தி அமலுக்குக் கொண்டுவர வேண்டும். 112க்கோ 108க்கோ செய்த அழைப்பே தகவல் தந்ததற்குச் சமம் என்று எழுத வேண்டும். உயிருக்கு ஆபத்திருந்தால் விலகலாம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். சாவு, காயம் என்று பிரிக்காமல், விட்டுவிட்டுப் போனதையே தனிக் குற்றமாக்க வேண்டும். டிரைவரை மறைக்கும் ஓனருக்கும், ரத்தக்கறை படிந்த பம்பரைக் கேள்வி கேட்காமல் மாற்றித்தரும் பட்டறைக்கும் அதில் பங்கு வைக்க வேண்டும். அடித்த கூட்டத்தின் மீது தவறாமல் வழக்குப் பதிய வேண்டும். லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறவர்கள், ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தவும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, நேரமாகும். உங்கள் வீட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி ஓட்டும் பிள்ளையிடம், தம்பியிடம், சம்பளத்துக்கு வைத்திருக்கும் டிரைவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: மோதினால் நில், நிற்க முடியாவிட்டால் கொஞ்சம் தள்ளிப் போய் 108க்குச் சொல், அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போ, நான் வருகிறேன். ஒருநாள் நள்ளிரவில் அப்படியொரு போன் வந்தே தீர்ந்தால், யாராவது பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று கேளுங்கள்.